ஃபோர்ட்டிசிமோ இடத்தில் டிம்பனி மட்டும் அதிர்கிறது, மற்ற யாரும் அசையவில்லை (டொரிகோ)

சுருதிப்பெட்டி_டீச்சர்

வணக்கம். பள்ளியில் மேற்கத்திய இசை எடுக்கிறேன். ஹைடனின் 94ஆவது சிம்பொனி, இரண்டாம் பகுதியை வகுப்பில் ஸ்கோரோடு (எல்லா வாத்தியத்தின் இசைக்குறிப்பும் சேர்ந்த தாள்) காட்டுவதற்காக, ஸ்கோர் எழுதும் மென்பொருளான டொரிகோவில் அடித்து வைத்திருக்கிறேன். நல்ல ரெக்கார்டிங் எத்தனையோ இருக்கிறதே என்பீர்கள். எனக்கு வேண்டியது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக நிறுத்திக் காட்டுவது. "வயோலா இல்லாமல் கேளுங்கள், இப்போது வயோலாவோடு கேளுங்கள்" என்று ரெக்கார்டிங்கை வைத்துச் சொல்ல முடியாது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1792இல் லண்டனில் அரங்கேறிய சிம்பொனி. இந்தப் பகுதி அண்டான்டே (நிதானமாக நடக்கும் வேகம்), சின்னப் பிள்ளைகூடப் பாடிவிடும் மெட்டு. முதல் எட்டு பார் (தாளக் கட்டம்) தந்தி வாத்தியங்கள் மட்டும், பியானோ குறியில், அதாவது சத்தம் குறைவாக. அதே எட்டு பார் மறுபடியும், இப்போது பியானிசிமோ (இன்னும் மெல்லிய சத்தம்), அடியில் பிஸ்ஸிக்காட்டோ (வில் இல்லாமல் விரலால் தந்தியைச் சுண்டுவது). எல்லோருக்கும் கண் சொக்கும் நேரத்தில், 16ஆவது பாரில், மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஃபோர்ட்டிசிமோவில் (மிக ஓங்கி) ஒரே ஒரு கார்ட் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது). அந்த ஒரு கார்டுக்காகத்தான் இந்தப் பாடமே.

அந்தக் கார்ட்தான் எனக்கு வரவில்லை. டிம்பனி (பெரிய அண்டா முரசு) மட்டும் "டம்" என்று நன்றாக அதிர்கிறது. வயலின், ஓபோ, ஹார்ன், டிரம்பெட் எல்லாம் நடுத்தரமான ஒரு சத்தத்தில், யாரோ பெயர் கூப்பிட்டதற்கு "உள்ளேன்" சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஃபோர்ட்டிசிமோ குறியை (ff) எல்லா ஸ்டேவிலும் (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உள்ள ஐந்து கோட்டு வரி) தனித்தனியாகப் போட்டிருக்கிறேன். இன்னும் ஒரு எஃப் சேர்த்தும் பார்த்தேன், மாற்றமில்லை. அந்த நோட்டுகளின் வெலாசிட்டியை (எவ்வளவு ஓங்கி அடிப்பது என்ற எண்) உச்சமான 127க்கு ஏற்றினேன், அப்போதும் அதே சத்தம். மிக்ஸரில் ஃபேடரைத் தூக்கினால் முதல் எட்டு பாரும் சேர்ந்து தூக்குகிறது.

விசித்திரம் என்னவென்றால், மெட்டு வரும் இடத்தில் பியானோவுக்கும் பியானிசிமோவுக்கும் வித்தியாசம் தெளிவாகக் கேட்கிறது. பிஸ்ஸிக்காட்டோவும் அருமை. டொரிகோவோடு வரும் ஒலிகளுக்கு மாற்றினால் கார்டும் சரியாகவே வருகிறது. புதிதாக வாங்கிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியில்தான் (நிஜ வாத்தியங்களைப் பதிவு செய்த ஒலித் தொகுப்பு) இந்தப் பாடு. அதன் பெயரைச் சொல்லவில்லை, வீணாக ஒருவர் மேல் பழி போட்ட மாதிரி ஆகிவிடும். சோதனைக்காக ஹார்னுக்கு நாலு பார் நீளும் ஒரே நோட்டைக் கொடுத்து, அதன் கீழ் ஒரு க்ரெஷெண்டோ ஹேர்பின் (சத்தம் படிப்படியாக ஏற வேண்டும் என்ற குறி) போட்டேன். நாலு பாரும் தட்டையாக ஒரே அளவில் போகிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கோடம்பாக்கம்_மிடி

டீச்சர், பெரும்பாலும் இங்கே "டைனமிக்ஸ் (சத்த ஏற்ற இறக்கம்) வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் எது வேலை செய்கிறது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

வேலை செய்பவற்றைப் பாருங்கள்: ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி வாசிக்கும்) மெட்டு, பிஸ்ஸிக்காட்டோ, டிம்பனி அடி. மூன்றுமே தட்டியவுடன் வாசிப்பவர் கையை எடுத்துவிடும் சத்தம். வேலை செய்யாதவை: சாதாரண வில், ஊதுகிற வாத்தியங்கள், நீண்ட ஹார்ன் நோட்டு. அதாவது, வாசிப்பவர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம். உங்கள் லைப்ரரியில் இந்த இரண்டு வகைக்கும் சத்த அளவைச் சொல்லும் வழி வேறு வேறு. டொரிகோ இப்போது முதல் வழியில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மிடி என்பது இசைக் கருவியும் கணினியும் பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்த ஏற்பாடு. கீபோர்டை மனதில் வைத்துச் செய்தது. கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினாய் என்பதுதான் வெலாசிட்டி, அது நோட்டு தொடங்கும்போது ஒரே ஒரு தடவை போகும். விட்ட அம்பு அது. பியானோவுக்கு, ஹார்ப்புக்கு, டிம்பனிக்கு அது போதும், ஏனென்றால் அந்த வாத்தியங்களும் அப்படித்தான். ஹார்ன்காரர் நாலு பார் ஊதிக்கொண்டே சத்தத்தை ஏற்ற வேண்டுமானால், நோட்டு நடக்கும்போதே சேதி போய்க்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோலர்கள் இருக்கின்றன. 1 மாடுலேஷன் வீல், 2 ஊது கருவி, 7 சேனலின் மொத்த வால்யூம், 11 எக்ஸ்பிரஷன். இதைத்தான் சிசி 1, சிசி 11 என்று சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் 0 முதல் 127 வரைதான் இடம்.

ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிகள் பெரும்பாலும் நீண்ட நோட்டுகளுக்கு சிசி 1ஐ எடுத்துக்கொள்கின்றன. அது வெறும் வால்யூம் இல்லை. ஹார்னை மெதுவாக ஊதி ஒரு முறை, நடுத்தரமாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை என்று தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். ஓங்கி ஊதும்போது பித்தளையின் காரம் ஏறும், மேல் ஹார்மோனிக்குகள் கூடும். சிசி 1 நகர நகர ஒரு பதிவு கரைந்து அடுத்த பதிவு மேலே வரும். மிக்ஸரில் தூக்கினால் மெதுவாக ஊதிய ஹார்னின் சத்தம்தான் பெரிதாகும், ஓங்கி ஊதிய ஹார்ன் வராது. உங்கள் கார்ட் "உள்ளேன்" என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்: சிசி 1 எங்கேயோ நடுவில் நிற்கிறது, யாரும் அதைத் தொடவில்லை.

டொரிகோவோடு வரும் ஒலிகளுக்கு அதற்கேற்ற மேப் (எந்தக் குறிக்கு எந்தச் சேதி என்ற பட்டியல்) முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. அதனால் அங்கே பிரச்சினை தெரியவில்லை.

இது என் ஊகம்தான். உறுதி செய்ய ஒரு வேலை. வயலின் ப்ளகின் (லைப்ரரியின் ஒலியைத் தரும் துணை மென்பொருள்) ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு 14ஆவது பாரிலிருந்து ஓட்டுங்கள். ஜன்னலில் டைனமிக்ஸ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும், இல்லையென்றால் மாட்வீல் படம் இருக்கும். 16ஆவது பாரில் அது நகர்கிறதா? நகரவில்லை என்றால் டொரிகோ அனுப்பவில்லை. நகர்ந்தும் சத்தம் மாறவில்லை என்றால் லைப்ரரி வேறு எண்ணைக் கேட்கிறது, இல்லையேல் வேறு சேனலில் காது வைத்திருக்கிறது. அப்புறம் அந்த ஸ்லைடரைக் கையால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். அதுவரை வேறு எந்த அமைப்பையும் தொட வேண்டாம். நாலு இடத்தில் மாற்றிவிட்டு வந்து கேட்டால் எனக்கும் புரியாது, உங்களுக்கும் புரியாது.

சுருதிப்பெட்டி_டீச்சர்

சார், நகரவில்லை. முழுப் பகுதியும் ஓடி முடிகிறது, ஸ்லைடர் நட்டநடுவில் அப்படியே நிற்கிறது. ஒரு நீண்ட நோட்டு வாசிக்கும்போது கையால் மேலே தள்ளினேன், வயலின் குரலே மாறிவிட்டது! சத்தம் மட்டுமில்லை, வில்லை அழுத்துவது காதில் தெரிகிறது. சரி, இதை டொரிகோவே தள்ளும்படி எப்படிச் செய்வது?

கோடம்பாக்கம்_மிடி

எக்ஸ்பிரஷன் மேப். லைப்ரரி மெனுவில் இருக்கிறது. ஸ்கோரில் எழுதியிருப்பதை ப்ளகினுக்குப் புரியும் பாஷையில் சொல்வது அதன் வேலை. உங்களுக்கு இப்போது டிஃபால்ட் மேப் ஓடிக்கொண்டிருக்கும், அது எல்லாவற்றையும் வெலாசிட்டியில் சொல்லும்.

டிஃபால்ட்டை நேரடியாக மாற்றாதீர்கள். ஒரு நகல் எடுத்து, அடையாளம் தெரிகிற மாதிரி பெயர் வையுங்கள். அதில் நேச்சுரல் என்பதுதான் எந்தக் குறியும் இல்லாத சாதாரண வாசிப்பு. அதைத் தேர்ந்தெடுத்தால் வால்யூம் டைனமிக் என்று ஓரிடம் இருக்கும். நோட் வெலாசிட்டி என்பதைக் கன்ட்ரோல் சேஞ்ச் ஆக்கி, எண் 1 கொடுங்கள். லெகாட்டோ, ட்ரெமலோ, ட்ரில் போன்ற நீண்டு ஒலிக்கும் வாசிப்புகளுக்கும் அதே. ஸ்டக்காட்டோ, பிஸ்ஸிக்காட்டோ இரண்டையும் வெலாசிட்டியிலேயே விட்டுவிடுங்கள். அங்கே இப்போது எல்லாம் சரியாக நடக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மேப் முழுவதையும் சிசி 1க்கு மாற்றிவிட்டு, "இப்போது பிஸ்ஸிக்காட்டோ போய்விட்டது" என்று வருபவர்கள் நிறையப் பேர்.

மேப் செய்தால் மட்டும் போதாது, அதைச் சேனலோடு கட்ட வேண்டும். ப்ளே மோடில் அந்த வாத்தியத்தின் ட்ராக், அதில் பல்சக்கரப் பொத்தான், எண்ட்பாயிண்ட் செட்டப். அங்கே ஒவ்வொரு சேனலுக்கும் எந்த மேப் என்று பட்டியல் வரும். இந்தப் படியில்தான் ஆட்கள் நழுவுகிறார்கள்: மேப் பிரமாதமாக இருக்கும், யாருக்கும் அதைக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

டிம்பனிக்கு டிஃபால்ட் மேப்பே இருக்கட்டும். ஆனால் டிம்பனியில் ரோல் (விடாமல் உருட்டி அடிப்பது) வரும் பகுதிகளை அடிக்கும்போது கவனியுங்கள். ஒற்றை அடி வெலாசிட்டி, ரோல் பெரும்பாலான லைப்ரரிகளில் சிசி 1. ஒரே வாத்தியம்தான், இரண்டு வழி.

ஸ்பிட்ஃபயரின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா மாதிரி பரவலாகப் புழங்கும் லைப்ரரிகளுக்கு ஆயத்த மேப்கள் கிடைக்கின்றன. உங்களுடையதற்கும் இருக்கிறதா என்று முதலில் தேடிவிடுங்கள். கிடைத்தாலும் நேச்சுரல் வரியைத் திறந்து ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாம்_புல்லாங்குழல்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே ஹேர்பின் பிரச்சினை, ஆனால் மியூஸ்ஸ்கோர் 3 (இன்னொரு ஸ்கோர் மென்பொருள்). லேப்டாப் பழசு, 4 ஏற்றினால் மூச்சு வாங்குகிறது. க்ளாரினெட் நீண்ட நோட்டில் க்ரெஷெண்டோ வரவே மாட்டேன் என்கிறது. அண்ணா, இதற்கும் எக்ஸ்பிரஷன் மேப் வேண்டுமா?

கோடம்பாக்கம்_மிடி

வேண்டாம் தம்பி, அதில் அப்படி ஒன்று இல்லை. 3.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பா என்று பார். அதிலிருந்துதான் ஒற்றை நோட்டுக்குள் சத்தம் ஏறி இறங்கும் வசதி வந்தது. அப்புறம் மிக்ஸரில் க்ளாரினெட்டின் ஒலி எது என்று பார். பெயரின் கடைசியில் "எக்ஸ்பிர." என்று இருக்கும் ஒலியாக இருக்க வேண்டும். அது இல்லாத ஒலி வெலாசிட்டியை மட்டும்தான் கேட்கும். வெளியிலிருந்து இறக்கிய சவுண்ட்ஃபான்ட் (ஒலிக் கோப்பு) என்றால் பெரும்பாலும் அந்த வகை இருக்காது.

ஒவ்வொரு குறிக்கும் எண் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள். மியூஸ்ஸ்கோர் 3இல் பியானிசிமோ 33, பியானோ 49, மெட்ஸோ பியானோ 64, மெட்ஸோ ஃபோர்ட்டே 80, ஃபோர்ட்டே 96, ஃபோர்ட்டிசிமோ 112. இன்ஸ்பெக்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. எஃப் என்ற எழுத்தை ஸ்டாஃப் டெக்ஸ்டாகத் தட்டிச் சாய்வெழுத்தாக்கி வைத்தால் பார்ப்பதற்கு ஃபோர்ட்டே மாதிரியே இருக்கும், காதுக்கு ஒன்றும் வராது. பேலட்டிலிருந்து எடுத்ததுதான் ஒலிக்கும். மியூசிக் எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கு இடையே ஸ்கோரைக் கொண்டுபோகும் கோப்பு வகை) வழியாக வேறு மென்பொருளிலிருந்து கொண்டுவந்த ஸ்கோர்களில் இது அடிக்கடி நடக்கும், டொரிகோவிலும்தான்.

சுருதிப்பெட்டி_டீச்சர்

மேப் போட்டேன், சேனலோடும் கட்டினேன். ஹார்ன் ஹேர்பின் இப்போது அழகாக ஏறுகிறது. ஆனால் கார்ட் வேறு விதமாகக் கெட்டுவிட்டது. சத்தம் வருகிறது, ஆனால் "டம்" என்று வரவில்லை, "வ்வாம்" என்று வருகிறது. டிம்பனி அடித்த பிறகு வயலின்கள் வீங்கி வந்து சேர்கின்றன. திடுக்கிடும் கார்ட் முன்னறிவிப்போடு வந்தால் என்ன பயன்?

இரண்டாவது: இதே பகுதியில் பிற்பாடு ஓபோவுக்குச் சாதாரண நோட்டில் பியானிசிமோ போட்டுப் பார்த்தேன். ஓபோ இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

ஓபோக்காரி

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன், என் வாத்தியம் என்பதால்.

சிசி 1 அடிமட்டத்துக்கு வந்தால் பல லைப்ரரிகள் கிட்டத்தட்ட மௌனமாகிவிடும். நிஜ ஓபோவில் அது நடக்காது. அதிலும் கீழ் ஸ்தாயியில் ஓபோவை மெதுவாக ஊதுவது எங்களுக்கே தலைவலி. மேப்பில் அந்த சிசி எண்ணுக்குப் பக்கத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் கொடுக்கலாம். குறைந்தபட்சத்தை 0இலிருந்து 30 பக்கம் ஏற்றுங்கள். பியானிசிமோ காதில் விழும், மற்றக் குறிகளும் அதற்குள் தானாக அடுக்கிக்கொள்ளும். எல்லா வாத்தியத்துக்கும் ஒரே எண்ணைப் போடாதீர்கள். தந்திகளுக்கு இன்னும் கீழே போகலாம், ஓபோவுக்கும் டிரம்பெட்டுக்கும் போகக்கூடாது.

தனி ஓபோ, தனி க்ளாரினெட் இவற்றில் இன்னொரு தொல்லை உண்டு. சிசி 1 மெதுவாக நகரும்போது ஒரு பதிவு கரைந்து இன்னொன்று வருகிறது அல்லவா, நடுவில் ஒரு கணம் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். பதினாறு வயலினில் அது தெரியாது. ஒரே ஒரு ஓபோவில் இரண்டு பேர் ஊதுகிற மாதிரி ஒரு கூச்சம் கேட்கும். அதனால் நான் தனி வாத்தியங்களுக்கு சிசி 1ஐக் குறுகலான எல்லைக்குள் வைத்துவிட்டு, மீதி ஏற்ற இறக்கத்தை சிசி 11க்குக் கொடுத்துவிடுவேன். மேப்பில் இரண்டாம் டைனமிக் என்று அதற்கு இடம் இருக்கிறது. டீச்சரும் இரண்டையும் சேர்த்தே எல்லா வாத்தியத்துக்கும் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் அலுப்பாக இருந்தால் நோட்பெர்ஃபார்மர் (ஸ்கோரைத் தானே படித்து வாசிக்கும் ஒலி மென்பொருள்) போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அது ஒரு நொடி முன்கூட்டியே ஸ்கோரைப் படித்துவிட்டுத்தான் வாசிக்கும், அதனால் அடுத்து என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரியும்.

கோடம்பாக்கம்_மிடி

தனி ஓபோ விஷயத்தில் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எல்லா வாத்தியத்துக்கும் கட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. சிசி 1 கீழே போகும்போதே லைப்ரரி சத்தத்தையும் குறைத்துத்தான் தருகிறது. அதற்கு மேல் சிசி 11உம் சேர்ந்து இறங்கினால் இரட்டிப்பாக இறங்கும். பியானோ என்று எழுதிய தந்திகள் பியானிசிமோவாகும், பியானிசிமோ காணாமல் போகும். அப்புறம் அதை ஈடுகட்ட மிக்ஸரைத் தூக்குவீர்கள், அப்புறம் ஃபோர்ட்டே காதைக் கிழிக்கும். தந்திகளுக்கும் பித்தளைக்கும் சிசி 1 மட்டும். சிசி 11ஐ 127இல் நிறுத்திவிட்டுக் கையால் வரைவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது "வ்வாம்". இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது.

முதலாவது, ஃபோர்ட்டிசிமோவுக்கான சிசி 1 மதிப்பு கார்ட் தொடங்கும் அதே கணத்தில் போகிறது. அதற்கு முன் பியானிசிமோ மதிப்பில் இருந்தது. திடீரென்று குதித்தால் சத்தம் வெடிக்கும் என்பதற்காக லைப்ரரிகள் அந்தக் குதிப்பைக் கொஞ்சம் வழித்துச் சமன் செய்யும். அந்தச் சின்ன நேரத்தில் வயலின் பியானிசிமோவில் தொடங்கி ஃபோர்ட்டிசிமோவுக்கு ஏறுகிறது. உங்கள் காதில் விழும் வீக்கம் அதுதான். டிம்பனி வெலாசிட்டி என்பதால் அதற்கு இந்தத் தாமதம் இல்லை.

சிசி 1ஐக் கார்டுக்கு முன்பே ஏற்றிவிட்டால் சரியாகிவிடும். கீ எடிட்டரில் சிசி 1 லேனை (அதன் ஏற்ற இறக்கத்தை வரையும் பட்டை) திறந்து, கார்டுக்கு அரை பீட் முன்னால் மேலே ஒரு புள்ளி வையுங்கள். முன்னால் வாசிப்பது கெட்டுவிடாதா என்று பயம் வரும். இந்தப் பகுதியில் வராது. ஊது வாத்தியங்களுக்கு அதுவரை ஓய்வு. தந்திகள் வாசித்துக்கொண்டிருந்தாலும் அவை ஸ்டக்காட்டோவும் பிஸ்ஸிக்காட்டோவும். அவை வெலாசிட்டியைத்தானே கேட்கின்றன, சிசி 1 உச்சியில் நின்றாலும் அவற்றுக்குத் தெரியாது. நீண்ட வில்லில் பியானிசிமோ வாசித்துக்கொண்டிருந்தால் இந்த வித்தை நடக்காது, அப்போது நோட்டுக்கும் புள்ளிக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் விட முடியும்.

கையால் வைத்த புள்ளி அங்கேயே நிற்கும் என்பதை மறக்க வேண்டாம். பிற்பாடு ஸ்கோரில் குறியை மாற்றினாலும் அந்த இடத்தில் நீங்கள் வரைந்ததுதான் பேசும். "மெட்ஸோ ஃபோர்ட்டே என்று மாற்றினேன், இன்னும் ஓங்கி வாசிக்கிறது" என்ற கேள்விகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, வில்லின் தொடக்கம். லாங் என்று லைப்ரரியில் இருக்கும் ஒலி பெரும்பாலும் மென்மையாகத் தொடங்கும்படி பதிவு செய்தது, நீண்ட ராகமான வரிகளுக்காக. கால் நோட்டு நீளத்தில் ஒரு கார்டை ஓங்கி அடிக்க அது சரிப்படாது, சிசி எங்கே இருந்தாலும். மார்க்காட்டோ அட்டாக் (அழுத்தமான தொடக்கம்) என்ற மாதிரி ஒன்று உங்கள் லைப்ரரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேப்பில் மார்க்காட்டோவுக்கு அதைக் கொடுத்து, 16ஆவது பாரில் அந்தக் குறியைப் போட்டு அச்சில் மறைத்துவிடலாம். மாணவர்களுக்கு ஹைடன் எழுதாத குறியைக் காட்ட வேண்டாமே. மேப்பில் நோட்டின் நீளத்தை நிபந்தனையாக வைத்து, குட்டையான நோட்டுகளுக்கு வேறு ஒலி போகும்படியும் செய்யலாம். ஆனால் அது பகுதி முழுவதையும் பாதிக்கும். ஒரு கார்டுக்காக அதில் இறங்க மாட்டேன்.

நோட்பெர்ஃபார்மர் நல்ல பொருள்தான், நானே டெமோவுக்கு வைத்திருக்கிறேன். ஆனால் டீச்சர் காசு போட்டு ஒரு லைப்ரரி வாங்கி வைத்திருக்கிறார். அதை ஓட்டிக் காட்டுவதுதான் இங்கே கேள்வி.

ஓபோக்காரி

சரி, தந்திகளுக்கு வேண்டாம். ஒப்புக்கொள்கிறேன். பித்தளைக்கு இன்னும் சண்டை போடுவேன், ஆனால் வேறு திரியில்.

சுருதிப்பெட்டி_டீச்சர்

கார்ட் வந்துவிட்டது! சிசி 1ஐ முன்னால் ஏற்றியதிலேயே முக்கால்வாசி சரி. தந்திகளுக்கு மட்டும் மார்க்காட்டோ அட்டாக் கொடுத்தேன், ஊது வாத்தியங்களுக்குத் தேவைப்படவில்லை. ஓபோவின் குறைந்தபட்சம் 35இல் நிற்கிறது.

இப்போது ஒரு குறை: ஃபோர்ட்டிசிமோவில் ஹார்ன்கள் எல்லோரையும் மூடிவிடுகின்றன. ஸ்கோரில் எல்லோருக்கும் ஒரே குறிதான். சினிமா டிரெய்லர் மாதிரி இருக்கிறது, ஹைடன் மாதிரி இல்லை. ஹார்னுக்கு மட்டும் ஃபோர்ட்டே என்று மாற்றிவிடலாமா?

ஓபோக்காரி

ஸ்கோரை மாற்றாதீர்கள். எந்த ஹார்ன் ஒலியை ஏற்றியிருக்கிறீர்கள்? நாலு ஹார்ன் சேர்ந்து ஊதும் ஒலியாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். ஹைடன் கேட்பது இரண்டே ஹார்ன். தனி ஹார்ன் ஒலியை எடுத்து, முதல் ஹார்னுக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று என்று வையுங்கள். டிரம்பெட்டுக்கும் அதே.

தந்திகளிலும் இதே கதைதான், தலைகீழாக. லண்டனில் ஹைடனுக்குக் கிடைத்த ஆர்கெஸ்ட்ரா மொத்தமே 40 பேர் அளவு. இன்றைய பெரிய லைப்ரரியில் முதல் வயலின் மட்டுமே 16 பேர், ஐந்து பிரிவும் சேர்ந்தால் 60. உங்கள் பியானிசிமோ போதிய அளவு ஒல்லியாக இல்லை என்று தோன்றினால் காரணம் டைனமிக்ஸ் இல்லை, ஆள் கணக்கு. லைப்ரரியில் சிறு குழுத் தந்திகள் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

கோடம்பாக்கம்_மிடி

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சில லைப்ரரிகளில் ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒரே உயரத்துக்குச் சமன் செய்து வைத்திருப்பார்கள். அங்கே புல்லாங்குழலின் ஃபோர்ட்டிசிமோவும் டிரம்பெட்டின் ஃபோர்ட்டிசிமோவும் ஒரே சத்தம். உங்களுடையது எப்படி என்று தெரிய, எல்லா வாத்தியத்துக்கும் மெட்ஸோ ஃபோர்ட்டேயில் ஒரே நோட்டை வரிசையாக வாசிக்கவிட்டுக் கேளுங்கள். புல்லாங்குழல் ஹார்னுக்குச் சமமாக நின்றால், மிக்ஸரின் ஆடியோ ஃபேடரில் ஒருமுறை சரிசெய்து வைத்துவிடுங்கள். மிக்ஸரைத் தொட வேண்டிய இடம் அது ஒன்றுதான். மிடி ஃபேடரைத் தொடாதீர்கள், அது சிசி 7ஐ அனுப்பும். பிற்பாடு எது எதைக் குறைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஹார்ன் இன்னும் முன்னால் வந்தால், மேப்பில் அதன் அதிகபட்சத்தை 110க்கு இறக்குங்கள். ஸ்கோரில் ஃபோர்ட்டிசிமோ அப்படியே இருக்கும்.

சுருதிப்பெட்டி_டீச்சர்

நாலு ஹார்ன் ஒலியேதான் அம்மா! மாற்றிவிட்டேன், மூச்சுவிட இடம் வந்துவிட்டது. அதிகபட்சத்தை இறக்கத் தேவைப்படவில்லை.

கடைசியாக ஒன்று. அடுத்து சி மைனர் வேரியேஷனை வேறு ஃபைலில் அடிக்கப் போகிறேன். இந்த மேப், சேனல் எல்லாம் மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டுமா?

கோடம்பாக்கம்_மிடி

வேண்டாம். அதே எண்ட்பாயிண்ட் செட்டப் ஜன்னலில் கன்ஃபிகரேஷனைச் சேமிக்கும் பொத்தான் இருக்கிறது. ப்ளகின், சேனல், மேப் எல்லாம் ஒரு பெயரில் போய் உட்காரும். அதன்பின் ப்ளேபேக் டெம்ப்ளேட்டில் புதிதாக ஒன்று உருவாக்கி, சேமித்ததை அதில் சேர்த்து, புது ஃபைலுக்கு அந்த டெம்ப்ளேட்டைக் கொடுங்கள். பெயரில் லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் போட்டு வையுங்கள், அப்டேட் வந்தால் கீ ஸ்விட்ச் (வாசிப்பு வகையை மாற்றும் கட்டை) இடம் மாறக்கூடும்.

கையால் வைத்த சிசி புள்ளிகள் டெம்ப்ளேட்டில் வராது, அவை அந்தந்த ஃபைலோடு மட்டும் இருக்கும். வேரியேஷனில் தந்திகள் சாதாரண வில்லில் ஃபோர்ட்டேவுக்கும் பியானோவுக்கும் மாறும் இடங்கள் வரும். அங்கே முன்கூட்டியே ஏற்றும் வித்தை வேண்டாம், முதலில் மேப்பை மட்டும் வைத்து ஓட்டிக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.